ஒண்டிக்கட்டைக்கு ஓர் உலை

தனியாக வாழ்கிறவருக்கு நம் ஊரில் பெயருக்குப் பஞ்சமில்லை. ஒண்டிக்கட்டை, தனிக்கட்டை, ஒத்தை ஆள். வாடகைக்கு வீடு தேடிப் போனால் பேச்சிலர். எல்லாவற்றிலும் ஒரு ‘ஐயோ பாவம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏகாந்தம் என்ற சொல்லில் அது இல்லை. ஒண்டிக்கட்டையாக இருப்பதா, ஏகாந்தமாக இருப்பதா என்பதைப் பெரும்பாலும் அடுப்படிதான் முடிவு செய்கிறது. நினைத்த நேரத்துக்கு, பிடித்த காரத்தில், ஒரு கிண்ணம் குழம்பு வைக்கத் தெரிந்துவிட்டால் தனி வீடு இனிக்கும்.

நம் சமையல் அளவுகள் நாலு பேருக்கானவை. அவற்றை நாலால் வகுத்தால் சரியாக வராது. பருப்பையும் புளியையும் வகுக்கலாம், தண்ணீரை வகுக்க முடியாது. புளியின் பச்சை வாசனை போகக் கொதிக்கும் நேரம் எவ்வளவு குறைவாக வைத்தாலும் ஏறக்குறைய அதேதான். அதற்குள் கொஞ்சத் தண்ணீர் வற்றி, உப்பும் புளிப்பும் தூக்கிவிடும்.

ஒரு ஆள் சாம்பாருக்குத் துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி, புளி ஒரு பெரிய சுண்டைக்காய் அளவு, சாம்பார் பொடி 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. காய் ஒன்றே ஒன்று: இரண்டு சின்னக் கத்தரிக்காயோ, அரை முருங்கைக்காயோ. தண்ணீர் ஒரு டம்ளர் வரும் என்று தோன்றினால் ஒன்றரை ஊற்றுங்கள். வாய் குறுகிய சின்னப் பாத்திரத்தில், மூடி போட்டு, சிறு தீயில் கொதிக்கட்டும். அகலமான கடாயில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் கூட்டாகிவிடும்.

தாளிப்பும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கடாயில் விட்டால் அது படர்ந்துபோய், கடுகு பாதி வெடிக்காமலே கருகும். தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் குளம் போல நிற்கும். கடுகு முழுக்க வெடித்து அடங்கியதும் பெருங்காயம், கறிவேப்பிலை, உடனே குழம்பில் கவிழ்த்துவிட வேண்டும். தனியாள் வீட்டில் முதலில் வாங்க வேண்டிய பாத்திரம் எது என்றால், தாளிப்புக் கரண்டி என்றே சொல்வோம். அடுத்தது மிக்ஸியின் சட்னி ஜார். பெரிய ஜாரில் ஒரு கைப்பிடி தேங்காய் போட்டால் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், பிளேடில் சிக்காது.

அரிசி 75 முதல் 100 கிராம் போதும். காபி டம்ளரில் முக்கால். 5 லிட்டர் குக்கரில் இதை நேரடியாகப் போட்டால் விசில் வருவதற்குள் அடி பிடிக்கும். குக்கரில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தில் அரிசி, அதன்மேல் தட்டு மூடி இன்னொரு கிண்ணத்தில் பருப்பு. புழுங்கலரிசி என்றால் ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர், பச்சரிசிக்கு இரண்டரை. பருப்பில் மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டால் பொங்கி வழியாது. நாலைந்து விசில் வந்ததும் அணைத்துவிடலாம். மீந்த சோற்றை ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். வெளியில் கிடந்த சோற்றில் கிருமி உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

மாவை மட்டும் ஒரு ஆளுக்கென்று அரைக்க வேண்டாம். இட்லி அரிசி 2 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் அரைத் தேக்கரண்டி. அரைத்த உடனே பாதியைப் புளிக்க விடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் பாதி இட்லிக்கும் தோசைக்கும் தீர்ந்ததும் இதை வெளியில் எடுத்துப் புளிக்க வைத்தால், வாரக் கடைசியிலும் புளிப்பேறாத இட்லி கிடைக்கும். அடிமாவில் சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம். அதை அடுப்படியிலேயே நின்றுகொண்டு, கல்லிலிருந்து ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துச் சுடச்சுடச் சாப்பிடும் சுகம், நாலு பேருக்குப் பரிமாறுகிறவருக்குக் கிடைக்காது.

கேஸுக்கு 5 கிலோ சிலிண்டரே போதும். 14.2 கிலோ சிலிண்டரை மாடிக்கு ஏற்றத் துணை வேண்டும், இதை ஒரு ஆளே தூக்கலாம். இரவில் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். ‘அணைத்தாயா’ என்று கேட்க இன்னொருவர் இல்லாத வீடு. மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருநாள் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் சாம்பாரும் போகட்டும். அன்றைக்குப் பருப்பை 4 மேசைக்கரண்டியாக்கி, புளி, பொடி, உப்பு, காயையும் இரட்டித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டும் இரண்டரை டம்ளர்.