டெல்லிக் கல்யாணத்துக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட வேலை பார்க்கும் பஞ்சாபி நண்பருக்குக் கல்யாணம் என்று சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் டெல்லிக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அப்படி ஆசையாகப் போகிறவர்களில் பலர் கல்யாணத்தைப் பார்க்காமலேயே திரும்பி வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். நம் ஊர் ரிசப்ஷன் மாதிரி நினைத்துக்கொண்டு கவரைக் கொடுத்து, மேடையேறிப் படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள்.

அங்கே முகூர்த்தம் பெரும்பாலும் ராத்திரியில்தான். பத்திரிகையில் 7 மணி என்று போட்டிருந்தால் 7 மணிக்கே போய் நிற்காதீர்கள். மாப்பிள்ளை குதிரையில் பேண்டு வாத்தியத்தோடு வரும் பராத், மண்டப வாசலுக்கு வந்து சேர 9, 10 மணி ஆகிவிடும். வாசலில் மில்னி நடக்கும். மாமாவுக்கு மாமா, சித்தப்பாவுக்குச் சித்தப்பா என்று இரண்டு வீட்டு உறவுக்காரர்களும் மாலை போட்டுக் கட்டிக்கொள்வார்கள். உற்சாகம் மிகுந்துபோய் எதிர்த் தரப்பு உறவுக்காரரை அலேக்காகத் தூக்குகிறவர்களும் உண்டு. அப்புறம் மேடையில் மாலை மாற்றும் ஜெயமாலா, போட்டோ, விருந்து. அக்கினியை வலம் வரும் ஃபேரா தொடங்குவதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும். அத்தனை பெரிய கூட்டத்தில் அந்த நேரம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள்தான். அவர்களோடு நீங்களும் உட்காருங்கள். கன்னிகாதானம், சப்தபதி, வகிட்டில் சிந்தூரம் வைப்பது என்று கல்யாணமே அப்போதுதான் நடக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துவிடும்.

சீக்கியக் குடும்பம் என்றால் கணக்கே வேறு. ஆனந்த் காரஜ் எனும் அவர்கள் திருமணச் சடங்கு, கோயிலான குருத்வாராவில், பெரும்பாலும் காலை வேளையில் நடக்கும். ராத்திரி வரலாம் என்று தூங்கிவிடாதீர்கள். ஆண், பெண் எல்லோரும் தலையை மூடிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவோ பெரிய கைக்குட்டையோ எடுத்துப் போவது நல்லது. தரையில் உட்காரும்போது அவர்கள் புனித நூலான குரு கிரந்த சாகிப் இருக்கும் பக்கம் காலை நீட்டக் கூடாது. சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் இருக்கவே கூடாது. கடா பிரசாதம் என்கிற கோதுமை அல்வாவைத் தரும்போது ஒற்றைக் கையை நீட்டாமல் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளே போனதும் தட்டு தட்டாகப் பனீர் டிக்கா வரும், கோல்கப்பா (நம் பானி பூரி) கடையும் ஆலு டிக்கியும் கண்ணெதிரே இருக்கும். பசியில் அங்கேயே வயிற்றை நிரப்பிவிட்டால் பெரிய விருந்து திறக்கும்போது ஒரு ரொட்டி கூட இறங்காது. மார்வாடி வீட்டுக் கல்யாணமாக இருந்தால் அசைவத்தையும் மதுவையும் எதிர்பார்க்காதீர்கள், இல்லையே என்று கேட்கவும் கேட்காதீர்கள். இன்னொன்று, பெண்களுக்கு: மெஹந்திக்குக் கையை நீட்டும் முன் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு உள்ளங்கையிலும் ஈர மருதாணியோடு உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளரைக் கூட யாராவது பிடித்துத்தான் குடிக்க முடியும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். வாடகைக்கு லெஹங்கா தேடி அலைய வேண்டாம். காஞ்சிபுரம் பட்டுக்கு அங்கே தனி மரியாதை. யார் யாரோ வந்து முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கறுப்பையும் வெறும் வெள்ளையையும் சடங்கு நேரத்தில் தவிர்த்தால் போதும். ஹல்தி நாளுக்கு மட்டும் பழைய உடையாக இருக்கட்டும், மஞ்சள் உங்கள் மேலும் பூசப்படும். உண்மையில் கவலைப்பட வேண்டியது குளிரைப் பற்றித்தான். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். கல்யாணங்கள் நடக்கும் தெற்கு டெல்லி சத்தர்பூர் பக்கத்துப் பண்ணைவீடுகளில் பந்தி திறந்த புல்வெளியில் இருக்கும். பட்டுக்குள்ளே ஒரு தெர்மல், மேலே ஒரு நல்ல சால்வை, காலுக்கு மூடிய செருப்பு இல்லாமல் போகாதீர்கள்.

ஷகுன் நம் மொய்தான். 501, 1101 என்று ஒன்றில் முடிய வேண்டும். கவரிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டி விற்பார்கள். பெயரை எழுதி, மேடையில் மணமக்களிடமோ வீட்டுப் பெரியவரிடமோ கொடுங்கள்.

ஓட்டல் அறையைக் கல்யாண வீட்டார் எடுத்துக் கொடுத்திருந்தால் சலவை, மினிபார் பில்லை அவர்கள் கணக்கில் ஏற விடாமல் கிளம்பும் முன் நீங்களே கட்டிவிடுங்கள். மறுநாள் காலை 6 மணி விமானத்துக்கு மட்டும் டிக்கெட் போடாதீர்கள். ஃபேரா முடிந்து பெண்ணை அனுப்பி வைக்கும் விதாயி நடக்கும்போதே விடிந்துவிடலாம், பனிமூட்டத்தில் விமான நிலையம் போய்ச் சேரும் நேரத்தையும் நம்ப முடியாது. மதியத்துக்கு மேல் கிளம்புங்கள்.