சன்ரூஃப் வழியே வந்த ஈரம்

பயன்படுத்திய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்கினேன். முதல் பெருமழையில் முன் பயணி இருக்கையின் கீழே கார்பெட் ஊறிப்போனது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் கார்பெட்டுக்கு அடியிலேயே வயரிங் ஓடுகிறது, அதனால் காயவைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தொட்டுப் பார்த்தேன்: பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இல்லை, ஆக கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. ஏசி போடாத நாளிலும் நனைந்ததால் ஏசி வடிகாலும் இல்லை.

மிச்சம் சன்ரூஃப், அதாவது கூரையில் திறக்கும் கண்ணாடி. அதன் ரப்பர் பட்டை தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே வருவதை ஒரு தட்டு ஏந்தி, மூலைக் குழாய்கள் வழியே வெளியேற்றும். ஒவ்வொரு மூலையிலும் சிறிது தண்ணீர் ஊற்றினேன். ஒரு முன் மூலையில் மட்டும் அப்படியே நின்றது. வளையும் நைலான் இழையை மெதுவாகச் செலுத்தியதும் இலைத்தூளும் சேறும் இறங்கி, வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டியது. காற்றழுத்தம் மட்டும் கொடுக்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரை உறையையே இறக்க வேண்டிவரும்.

அப்புறம் கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு. மேலே காய்ந்தாலும் அது ஈரத்தை விடாது. தூக்கிவைத்து மின்விசிறி ஓடவிட்டேன். சன்ரூஃப் உள்ள பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், பேரம் பேசும் முன் கார்பெட் ஓரத்தைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள்.