அச்சைச் சுருக்கினால் தரவும் சுருங்கலாம்: ஆர் மொழி வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் நின்று மாணவர்களின் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி, ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் ‘ஜிஜிபிளாட்2’ தொகுப்பில், மதிப்புகளின் பரவலைக் காட்டும் பெட்டி வரைபடம் ஒன்றை வரைந்தார். சில மதிப்புகள் மிக உயரத்தில் இருந்ததால் பெட்டிகள் எல்லாம் அடியில் நசுங்கிக் கிடந்தன. நிரலின் கடைசியில், செங்குத்து அச்சுக்கு எல்லை வைக்கும் ‘ஒய்லிம்’ சேர்த்து, 0 முதல் 60 வரை என்று எல்லை கொடுத்தார். பெட்டிகள் விரிந்து நின்றன. கீழே ஓர் எச்சரிக்கை வரி வந்தது. அதைப் படிக்காமலேயே படத்தை நகலெடுத்து அறிக்கையில் ஒட்டப் போனார்.

அதே வரியைப் படிக்காமல்தான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் ஓர் அறிக்கையை அனுப்பினேன். அன்று என்னை நிறுத்த யாரும் இல்லை. அந்த மாணவியை நிறுத்தினேன். வகுப்பு நடந்த அன்று மாலையே இதை எழுதவும் தொடங்கினேன்.

அடைப்புக்குறியை மூட மறப்பது, காற்புள்ளியை விடுவது, பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக அடிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஆர் மொழியே பிழை காட்டி நிறுத்திவிடும். நீல நிறம் கேட்டுச் சிவப்பு வந்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். நான் அஞ்சுவது நிரல் ஓடி, படமும் நன்றாக வந்து, சொல்லும் சேதி மட்டும் மாறிப்போகும் இடங்களைத்தான்.

எல்லையைக் குறுக்கும்போது கணக்கும் மாறுகிறது

பதினொரு பேர் ஒரு மருத்துவமனையில் காத்திருந்த நேரத்தை நிமிடங்களில் எடுத்துக்கொள்வோம்: 10, 12, 15, 18, 20, 25, 30, 45, 70, 95, 140. நடுவில் நிற்பவர் ஆறாமவர். ஆகவே இடைநிலை அளவு 25. மேல் கால்மானம், அதாவது கீழிருந்து முக்கால்வாசிப் பேர் அடங்கும் எல்லை, 57.5. பெட்டி கீழ்க் கால்மானமான 16.5இல் தொடங்கி 57.5இல் முடியும். மேலே செல்லும் கோடு 95 வரை நீளும். 140 மட்டும் தனிப் புள்ளியாக நிற்கும்.

இப்போது ‘ஒய்லிம்’ கொண்டு 60க்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். 70, 95, 140 மூன்றும் கண்ணிலிருந்து மறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை தரவிலிருந்தே வெளியேற்றப்படுகின்றன. மிச்சமிருக்கும் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இடைநிலை 25இலிருந்து 19க்கு இறங்குகிறது. மேல் கால்மானம் 57.5இலிருந்து 26.25க்கு விழுகிறது. இன்னும் கொடுமை ஒன்று உண்டு. முழுத் தரவில் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்த 45 நிமிடம், இப்போது விதிவிலக்குப் புள்ளியாக வெளியே தள்ளப்படுகிறது. சாதாரணமாகக் காத்திருந்த ஒருவர் அசாதாரணமானவர் ஆகிவிடுகிறார். அச்சின் எல்லையை மாற்றியதைத் தவிர நாம் வேறெதுவும் செய்யவில்லை.

ஆர் மொழியுடனேயே வரும் அடிப்படை வரைகலையில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே பெட்டி வரைபடம் வரையும் ‘பாக்ஸ்பிளாட்’ செயற்கூறுக்கு இதே பெயருள்ள ‘ஒய்லிம்’ அளபுருவை, அதாவது அமைப்பு மதிப்பை, கொடுத்தால் பார்வை மட்டுமே குறுகும். இடைநிலை 25இலேயே நிற்கும், மேற்கோடு சட்டத்துக்கு வெளியே ஓடி மறையும். பெயர் ஒன்று, செயல் வேறு. கைப்பழக்கம் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

காரணம் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. லேலண்ட் வில்கின்சன் 1999இல் முன்வைத்த வரைகலை இலக்கணம் என்னும் கோட்பாட்டின் மீதுதான் ஹாட்லி விக்கம் ஜிஜிபிளாட்2ஐக் கட்டினார். அந்த அமைப்பில், மதிப்புகளை அச்சுக்கு ஏற்ப மாற்றும் அளவுகோல் முதலில் வருகிறது. அதன்பின் புள்ளியியல் கணக்கு. எல்லாவற்றையும் படத்தில் இடும் ஆயத்தளம் கடைசியில். ‘ஒய்லிம்’ அளவுகோலைச் சேர்ந்தது. எல்லைக்கு வெளியே உள்ளவற்றை அது இல்லாத மதிப்புகளாக மாற்றிய பிறகுதான் கணக்கே ஆரம்பிக்கிறது. ‘கோஆர்ட் கார்ட்டீசியன்’ ஆயத்தளத்தைச் சேர்ந்தது. அதற்குள் எல்லை கொடுத்தால் முழுக் கணக்கும் முடிந்த பிறகு பார்வை மட்டும் குறுகும். நெல்லைச் சலித்துவிட்டு எடை போடுவதற்கும், முழு மூட்டையையும் எடை போட்டுவிட்டு ஒரு பகுதியை மட்டும் திறந்து காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

என் கதைக்கு வருகிறேன். சில மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் மக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஒரு திட்டம். கூடுதல் பதிவு மேசையை எங்கே போடுவது என்று முடிவு செய்யக் கூட்டம் கூட்டினார்கள். என் வரைபடத்தை அச்சிட்டு எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். பெட்டிகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான் 60 நிமிடத்தில் எல்லை வைத்திருந்தேன். ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் என் படத்திலிருந்து வெளியேறியதால் அந்த இடம் மற்ற இடங்களைவிட விரைவானதாகத் தெரிந்தது. மேசை வேறிடத்துக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து அதே தரவை வேறு தேவைக்காகத் திறந்தபோது, அட்டவணையில் இருந்த இடைநிலையும் படத்தில் இருந்த இடைநிலையும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படம் யாருக்காக வரையப்பட்டதோ அவர்களையே அதிலிருந்து நீக்கியிருந்தேன்.

இத்தனைக்கும் ஜிஜிபிளாட்2 நம்மிடம் சொல்லாமல் செய்வதில்லை. இத்தனை வரிசைகள் நீக்கப்பட்டன என்று எச்சரிக்கிறது. ஆனால் தரவில் உண்மையாகவே விடுபட்ட மதிப்புகள் இருந்தாலும் ஏறக்குறைய இதே எச்சரிக்கைதான் வரும். அதனால் ‘வழக்கமாக வருவதுதானே’ என்று கடந்துபோகப் பழகிவிடுகிறோம். ஆர் மொழியுடனேயே வரும் ‘ஏர்குவாலிட்டி’ தரவை எடுத்துப் பாருங்கள். 1973ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க் நகரின் காற்றுத் தர அளவீடுகள், மொத்தம் 153 நாள்கள். ஓசோன் அளவு 37 நாள்களுக்கு இல்லை. அதை அப்படியே வரைந்தால் 37 வரிசைகள் நீக்கப்பட்டதாகச் செய்தி வரும், அது நியாயம். ஓசோன் அச்சுக்கு 100 என்று எல்லை வைத்து வரையுங்கள். எண் 37ஐத் தாண்டும். தாண்டிய ஒவ்வொன்றும் நீங்கள் வீசியெறிந்த ஒரு நாள். ஆகவே, விடுபட்ட மதிப்புகள் எத்தனை என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை சொல்லும் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இதே தவறு வேறு வேடங்களிலும் வரும். பட்டை வரைபடத்தில் அச்சை 50இலிருந்து தொடங்கச் சொன்னால் பட்டைகளே காணாமல் போகும். பட்டை 0இல் தொடங்குகிறது, அந்த 0 எல்லைக்கு வெளியே இருக்கிறது. பலர் இதைப் பார்த்துவிட்டுத் தரவுக் கோப்பில் கோளாறு தேடி ஒரு மணி நேரம் அலைகிறார்கள். புள்ளிகளுக்கு நடுவே போக்குக்கோடு வரைந்தால், நீக்கப்பட்ட புள்ளிகளுக்கு ஏற்பக் கோட்டின் சாய்வே மாறும். மடக்கை அளவுகோலிலும் இந்த வரிசைதான். 10, 1000 என்ற இரண்டு மதிப்புகளின் சராசரி 505. ‘ஸ்கேல் ஒய் லாக்10’ போட்டுவிட்டுச் சராசரியைப் படத்திலேயே கணக்கிடச் சொன்னால் 100இல் புள்ளி விழும். மடக்கைகளின் சராசரியை அது எடுத்திருக்கிறது, அதாவது பெருக்குச் சராசரியை. அதுதான் வேண்டும் என்றால் நல்லது, ஆனால் படத்தின் கீழே சராசரி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

புள்ளிகளை மட்டும் இடும் சிதறல் வரைபடத்தில் ‘ஒய்லிம்’ பெரிய கேடு செய்யாது என்று சிலர் வாதிடுவார்கள். நான் அங்கும் பயன்படுத்துவதில்லை. நாளைக்கு அதே நிரலை ஒருவர் எடுத்து, புள்ளிகளுக்குப் பதில் பெட்டிகளை வரைவார்.

‘பார்’ அமைப்பு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது

அடிப்படை வரைகலையில் எழுத்தின் அளவு, ஓர இடைவெளி, ஒரே பக்கத்தில் எத்தனை படங்கள் என எல்லாவற்றையும் ‘பார்’ என்னும் செயற்கூறு வழியாக மாற்றுகிறோம். மாற்றியது அந்தச் சன்னல் மூடப்படும் வரை அப்படியே இருக்கும். காலையில் நான்கு படங்களை ஒரே பக்கத்தில் வைக்க ‘எம்எஃப்ரோ’ கொடுத்தவர், மதியம் ஒரே ஒரு படம் வரைந்து அது ஏன் மூலையில் சிறுத்துக் கிடக்கிறது என்று கேட்பார். இரண்டுக்கு இரண்டு என்று பிரிக்கும்போது எழுத்தும் தானாக 0.83 மடங்காகக் குறைகிறது, மூன்று வரிசையோ மூன்று நெடுவரிசையோ வந்தால் 0.66 மடங்கு. இதை அறியாமல் எழுத்தளவைத் தனியாக ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘பார்’ வழியாக ஒன்றை மாற்றும்போது அது பழைய மதிப்பைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு பெயரில் சேமித்து, வேலை முடிந்ததும் அதே ‘பார்’ செயற்கூறிடம் கொடுத்துவிடுங்கள். சொந்தமாகச் செயற்கூறு எழுதுகிறீர்கள் என்றால் ‘ஆன் எக்சிட்’ உள்ளே அதை வையுங்கள். நடுவில் பிழை வந்து நின்றாலும் அமைப்பு மீளும்.

ஓர இடைவெளியைத் தரும் ‘மார்’ அளபுருவின் வரிசை கீழ், இடது, மேல், வலது. இயல்பான மதிப்புகள் 5.1, 4.1, 4.1, 2.1, எழுத்து வரிகளின் கணக்கில். இணையப் பக்க வடிவமைப்பிலிருந்து வருகிறவர்கள் மேலிருந்து தொடங்கிப் பழகியவர்கள். தலைப்புக்கு இடம் ஒதுக்குவதாக நினைத்து அடியில் வெற்றிடம் விடுவார்கள்.

‘லேஅவுட்’, ‘எம்எஃப்ரோ’

ஒரே பக்கத்தில் பல படங்களை அடுக்க இவை இரண்டும் உதவும், ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

திரையில் பார்த்ததை அப்படியே சேமிப்பது

திரையில் சன்னலை இழுத்து இழுத்து அழகுபடுத்திவிட்டு, சேமித்த கோப்பில் எழுத்துகள் எறும்பு போல வந்திருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். படத்தைக் கோப்பாக எழுதும் வழியை ஆர் மொழியில் சாதனம் என்பார்கள். ‘பிஎன்ஜி’ சாதனம், நாம் எதுவும் சொல்லாவிட்டால், 480க்கு 480 பிக்சல் கொண்ட படத்தை, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற கணக்கில் தருகிறது. இதழ் ஒன்று 300 கேட்கிறது என்று ‘ரெஸ்’ அளபுருவை மட்டும் 300 ஆக்கினால், படத்தின் அகலம் 1.6 அங்குலமாகிவிடுகிறது. 12 புள்ளி எழுத்து அதில் எப்படி அடங்கும்? ஓரங்கள் மிகப் பெரியவை என்ற பிழைச் செய்தி வரும். அதைக் கண்டு ஓரங்களைச் சுருக்கத் தொடங்குவது தவறான பாதை. அகலம் 7 அங்குலம், உயரம் 5 அங்குலம் என்று அலகோடு சேர்த்து முதலில் சொல்லுங்கள். 300 என்று கொடுத்தால் 2100க்கு 1500 பிக்சல் தானாக வரும், எழுத்தும் சரியான அளவில் இருக்கும்.

ஜிஜிபிளாட்2 படங்களைச் சேமிக்க ‘ஜிஜிசேவ்’ பயன்படுத்துகிறவர்களும் அகல உயரத்தை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் அப்போது திறந்திருக்கும் சன்னலின் அளவை அது எடுத்துக்கொள்ளும். நேற்றும் இன்றும் ஒரே நிரல் இரண்டு வேறு படங்களைத் தருவது இதனால்தான்.

தோற்றங்களின் வரிசை

ஜிஜிபிளாட்2இல் ‘தீம் மினிமல்’ போன்ற முழுத் தோற்றத்தை முதலில் சேர்த்து, தனி மாற்றங்களை அதன்பின் எழுதுங்கள். மாற்றி எழுதினால் செய்ததெல்லாம் அழியும்.

வானவில் வண்ணங்கள்

வேண்டாம். 2019இல் வந்த 3.6.0 பதிப்பிலிருந்து, ஆயத்த வண்ணத் தொகுதிகளைத் தரும் ‘எச்சிஎல் கலர்ஸ்’ ஆர் மொழியிலேயே இருக்கிறது. 2020இல் வந்த 4.0.0 பதிப்பில் ‘பேலட் கலர்ஸ்’ சேர்ந்தது, அதன் இயல்பான தொகுதியான ஓகாபே–இட்டோ வண்ணங்கள் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களையும் எண்ணி உருவாக்கப்பட்டவை.

தமிழ் எழுத்துகள் புள்ளிகளாக மாறுவது

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிடுகிறவர்கள் பெருகியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அவர்களில் பலர் பிடிஎஃப் கோப்பைத் திறந்ததும் மனம் சோர்ந்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘பிடிஎஃப்’ சாதனம் தமிழ் எழுத்துகளைத் தன் குறிமுறைக்கு மாற்ற முடியாமல் அவற்றின் இடத்தில் வெறும் புள்ளிகளை வைத்துவிடுகிறது. ‘கெய்ரோ பிடிஎஃப்’ சாதனத்துக்கு மாறுங்கள், தமிழ் எழுத்துரு ஒன்றைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். படக் கோப்பு போதும் என்றால் ‘ராக்’ தொகுப்பும் நன்றாக வேலை செய்கிறது.

எழுத்து வந்துவிட்டது என்று அத்துடன் விட்டுவிடாதீர்கள். ஒரு படத்தில் ‘கொ’ என்ற எழுத்தை உருப்பெருக்கிப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். எழுத்துகளைக் கோத்து அமைக்கத் தெரியாத வழியில் சேமித்திருந்தால் கொம்பு இடம் மாறியோ, புள்ளியிட்ட வட்டத்தோடு தனியாகவோ நிற்கும். நான் ஒவ்வொரு புதிய கணினியிலும் ‘கொடைக்கானல்’ என்று தலைப்பிட்ட ஒரு வெற்றுப் படத்தை முதலில் சேமித்துப் பார்க்கிறேன். கொம்பு, கால், ஐகாரம், மெய்ப்புள்ளி எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.