ஜன்னல் கண்ணாடியை நானே மாற்றினேன்

பந்து பட்டு விரிசல் விட்ட கண்ணாடி. கழற்றும்போது சில்லு சிதறாமல் இருக்க முதலில் குறுக்கும் நெடுக்குமாக செலோடேப் ஒட்டினேன், கைக்குத் தடித்த கையுறை, காலுக்கு ஷூ. எங்களுடையது பழைய மர ஜன்னல், கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டை, அதாவது பீடிங், சின்ன ஆணிகளில்தான் நிற்கிறது. உளியை நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினால் வளைந்து வந்துவிடும், ஓரத்தில் நெம்பினால் முனை பிளக்கும்.

அளவு எடுப்பதில்தான் விஷயமே. பழைய சட்டம் எதுவும் சரியான மூலைமட்டத்தில் இருக்காது, அதனால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று அளந்து, உயரத்தையும் அப்படியே பார்த்து, குறைந்த அளவிலிருந்து இன்னும் 3 மி.மீ. கழித்துக் கடையில் சொன்னேன். மழையில் மரம் உப்பும், இடைவெளி இல்லையென்றால் மறுபடி விரிசல்தான். கடைக்காரர் 5 மி.மீ. கண்ணாடி நல்லது என்றார், ஆனால் என் ஜன்னல் காடியில் (கண்ணாடி உட்காரும் பள்ளம்) 4 வைத்தால்தான் பீடிங் உட்காரும்.

அப்புறம் காடியைச் சுரண்டித் துடைத்து, மெல்லிய கோடாக சிலிக்கோன் பசை விட்டு, கண்ணாடியை அழுத்தி வைத்தேன். பீடிங்கை மறுபடி வைத்து, ஆணியைப் பழைய ஓட்டைக்குக் கொஞ்சம் தள்ளி அடித்தேன், சுத்தியல் படாமல் கண்ணாடி மேல் ஓர் அட்டை. பிதுங்கிய சிலிக்கோனைக் காய்ந்தபின் பிளேடால் சீவலாம். சில்லுகளைச் செய்தித்தாளில் சுற்றி, குப்பை வண்டிக்காரரிடம் சொல்லித் தனியாகக் கொடுத்தேன்.