ஆறில்லாத மண்ணில் தண்ணீரைத் தேடி: மாணவரோடு வலிகாமத்தில் ஒரு நாள்

கோட்டை, நல்லூர், கீரிமலை, நயினாதீவு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கினால் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்றே இடங்களுக்குப் போவதுதான் பயன் தரும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதற்கு நிலாவரைக் கிணறு, கீரிமலைக் கேணி, கந்தரோடையின் பழைய குடியிருப்பு இடம் போதும். தரம் 8 முதல் 10 வரையுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது. 30 பேருக்கு மேல் வேண்டாம். 10 பேருக்கு ஓர் ஆசிரியராவது தேவை.

1. நாளும் அனுமதியும்

மாரி மழை ஓய்ந்தபின், ஜனவரி கடைசி தொடக்கம் மார்ச் வரை நல்ல காலம். கிணறுகளில் நீர் மேலே நிற்கும், வெயிலும் கடுமையாக இராது. ஆடி அமாவாசையை ஒட்டிக் கீரிமலைக்குப் போகாதீர்கள். பிதிர்க்கடன் செய்ய வருவோரின் நெரிசலில் பிள்ளைகளைக் கவனிக்க முடியாது. அதிபரின் அனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம் இரண்டையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மூன்று இடங்களையும் ஆசிரியர் ஒருவர் முதலில் போய்ப் பார்த்து, பராமரிப்போரிடம் பேசி வருவது அவசியம்.

2. முதல் நாள் வகுப்பறையில்

இதைத் தவறவிட்டால் மறுநாள் பார்ப்பது வெறும் கிணறுதான்.

1 லீற்றர் நீரில் 35 கிராம் உப்பை முழுதாகக் கரையுங்கள். கடல்நீரின் உப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். நாலைந்து சொட்டு நீல மை விட்டு, கண்ணாடிச் சாடியில் பாதிவரை ஊற்றுங்கள். அதன்மேல் மெல்லிய மட்டைத் துண்டொன்றை மிதக்கவிட்டு, நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் படும்படி மெதுவாக விடுங்கள். தெளிந்த நீர் மேலே, நீலம் கீழே நிற்கும். அவசரப்பட்டு ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். அப்போது சாடியைக் கழுவித் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

இனி, ஊசி இல்லாத சிரிஞ்சின் நுனியை எல்லைக்குச் சற்று மேலே பிடித்து வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். நீலம் கூம்புபோல் எழுந்து உள்ளே வரும். தோட்டக் கிணற்றில் பம்பு போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் நீர் உவராவதும் இப்படித்தான். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் மழைநீர் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். மேலே 1 மீற்றர் குறைந்தால் கீழே 40 மீற்றர் போய்விடும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

3. கொண்டு போகவேண்டியவை

நீரில் கரைந்த உப்பைக் காட்டும் ரிடிஎஸ் பேனா ஒன்று, காய்ச்சி வடித்த நீர் 1 லீற்றர், மூடியுள்ள சிறு போத்தல்கள் 6, அளவு நாடா, கயிறு கட்டிய சிறு வாளி, முதலுதவிப் பெட்டி. தொப்பியும் ஆளுக்கு 1.5 லீற்றர் குடிநீரும் கட்டாயம்.

4. நிலாவரை (காலை 8 மணி)

புத்தூருக்கு அருகே நவக்கிரியில் இருக்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டு கரைந்து சற்று அமிலமான நீர் சுண்ணாம்புக் கல்லை அரித்துக் குகையாக்குகிறது. கூரை இடிந்தால் இப்படியொரு பள்ளம். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர்: நேற்றைய சாடியேதான்.

இராமர் அம்பெய்து உண்டாக்கிய கதையையும், இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்த கதையையும் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். நிலத்தடியில் நீர் ஓடுவதை முன்னோர் உணர்ந்திருந்ததை அந்தக் கதை காட்டுகிறது. ஆனால் பழத்தையோ வேறெதையோ கிணற்றில் போட இடம்கொடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தால் மட்டும் ஆசிரியர் ஒருவர் வாளியால் மேல்நீர் எடுக்கலாம். பிள்ளைகள் விளிம்பிலிருந்து 2 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும்.

5. கீரிமலை (10 மணி)

கடலோரத்திலேயே நன்னீர்க் கேணி. கேணி நீரையும் கடல்நீரையும் தனித்தனிப் போத்தலில் எடுத்து அளவிடுங்கள். பேனாவை நேரே கடல்நீரில் வைத்தால் அளவு எல்லை தாண்டிவிடும்; 1 பங்கு கடல்நீரோடு 9 பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். ஒவ்வொரு முறையும் நுனியைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவாவிட்டால் அடுத்த அளவு பொய்யாகும். குளிப்போர் சவர்க்காரம் போடும் பக்கத்தில் நீர் எடுக்கவேண்டாம்.

கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்கு, போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த பகுதி. பற்றைக் காணிகளுக்குள்ளும் பாழடைந்த வீடுகளுக்குள்ளும் ஒரு பிள்ளைகூட இறங்கக்கூடாது.

6. கந்தரோடை (பிற்பகல் 1.30)

சுன்னாகத்துக்கு அருகே. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு இவ்வழியாகத்தான் அராலிப் பக்கம் போகிறது. பழைய குடியிருப்பு ஏன் இங்கே எழுந்தது என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் யோசிக்கக் கொஞ்சம் நேரம் விடுங்கள். இங்குள்ள சிறு பௌத்தத் தூபிகளை முதலில் ஆராய்ந்தவர், போல் ஈ. பீரிஸ் என்ற வரலாற்றாசிரியர். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அகழ்ந்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. பௌத்தமும் தமிழரும் பற்றிய கேள்விகள் எழும். அவற்றைத் தட்டிக்கழிக்காமல், எது சான்று, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லுங்கள். நிலத்தில் ஓட்டுத்துண்டு கண்டால் படம் எடுக்கலாம், எடுத்துச் செல்லக்கூடாது. கிடந்த இடம் மாறினால் அது எதற்கும் சான்றாகாது.

திரும்பும் வழியில் சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் (மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட கல்), மடம், கேணி எது கண்ணில் பட்டாலும் பஸ்ஸை நிறுத்துங்கள். பெயர்ப்பலகை இல்லாததால் வீதி அகலிக்கும்போது முதலில் மறைபவை இவைதான். இடம், உயரம், கல்லின் வகை, எழுத்து உண்டா என்ற நான்கையும் குறிக்கவேண்டும். எழுத்து மங்கியிருந்தால் சோக்கு, மா எதுவும் பூசாதீர்கள். கைபேசி வெளிச்சத்தைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டு நிழல் விழுந்து வாசிக்கத் தெரியும்.

7. அடுத்த கிழமை

எல்லா அளவுகளையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்று நீரையும் கொண்டுவந்து அதே பேனாவால் அளக்கட்டும். செப்டெம்பரில், மழைக்கு முன், அதே கிணறுகளை மறுபடி அளக்கவேண்டும். அதுவரை போத்தல்களில் ஒட்டிய பெயர்த் துண்டுகளைக் கழற்றாதீர்கள்.