கேலக்ஸியில் எவ்வளவு வாயு இருக்கிறது? லேப்டாப்பில் கணக்கிடுவது எப்படி

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் குமரி மாவட்டத்தில் தொலைநோக்கி வாங்கி வைத்தவர்கள் பல ராத்திரி மேகத்தைத்தான் பார்க்கிறார்கள். ரேடியோ வானியலில் அந்தத் தொல்லை இல்லை, 21 செ.மீ. அலை மேகத்தைத் தாண்டி வந்துவிடும். அதைவிட நல்ல சேதி, பெரிய தொலைநோக்கிகளில் எடுத்த தரவு இலவசமாகவே கிடைக்கிறது. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு கேலக்ஸியின் (விண்மீன் மண்டலத்தின்) வாயுவை எடை போட ஒரு லேப்டாப்பும் எக்செல்லும் பிளஸ் டூ இயற்பியலும் போதும்.

முதலில், எந்த வாயு? கேலக்ஸி வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். தனித்தனி அணுவாக இருக்கும் ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய ரேடியோ அலை விடும். 1944-இல் டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் இதைக் கணித்துச் சொன்னார், 1951-இல் ஹார்வர்டில் ஈவனும் பர்செலும் பிடித்தே காட்டினார்கள். இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிவிட்ட குளிர்ந்த ஹைட்ரஜன் அநேகமாக வாயே திறக்காது. அதனால் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்ஸைடை 115 கிகாஹெர்ட்ஸில் அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி மதிப்பிடுகிறார்கள். அந்த எண் எல்லா கேலக்ஸிக்கும் ஒன்றல்ல, புதிதாகத் தொடங்குகிறவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்தது தரவு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது, ஆனால் அது எடுத்த கேலக்ஸி ஹைட்ரஜன் சிக்னல்களின் பட்டியலான அல்ஃபால்ஃபா பத்திரமாக இருக்கிறது, சுமார் 31,500 பதிவுகள். அதில் நொடிக்கு 3,000 கி.மீ.க்கு மேல் வேகத்தில் நம்மை விட்டு விலகுகிற, சிக்னல் பளிச்சென்று தெரிகிற ஒரு கேலக்ஸியின் அலைமாலையை (எந்த வேகத்தில் எவ்வளவு சிக்னல் என்ற பதிவை) இறக்கி, வேகத்தை ஒரு பத்தியிலும் மில்லி ஜான்ஸ்கி என்ற அலகில் உள்ள சிக்னல் வலிமையை அடுத்த பத்தியிலும் வைத்து வரைபடம் போடுங்கள். நடுவில் ஒரு மேடு தெரியும். பெரும்பாலும் அதன் இரண்டு ஓரமும் கொம்பு போல உயர்ந்திருக்கும். கேலக்ஸி சுழலும்போது ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் போவதால் வருவது அது.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். மேட்டுக்கு இரண்டு பக்கமும் சிக்னல் இல்லாத பகுதி சுழியில் நிற்க வேண்டும், பல நேரம் நிற்காது, கொஞ்சம் ஏறியோ சரிந்தோ கிடக்கும். குளச்சலில் மீனை எடை போடும்போது கூடையின் எடையைக் கழிப்பதில்லையா, அதே வேலைதான் இங்கேயும்: அந்த வெற்றுப் பகுதிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி, எல்லாப் புள்ளியிலிருந்தும் அதைக் கழியுங்கள். கழித்தே கொடுத்திருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் மேடு அகலமாக இருந்தால் 2 மில்லி ஜான்ஸ்கி பிசகுகூட விடையைக் கெடுத்துவிடும்.

அப்புறம் கூட்டல். மேட்டுக்குள் வரும் மதிப்புகளைக் கூட்டி, புள்ளிகளுக்கு இடையிலுள்ள வேக இடைவெளியால் பெருக்குங்கள். எடுத்துக்காட்டாக, 5 கி.மீ./நொடி இடைவெளியில் 40 புள்ளிகள், சராசரி 50 மில்லி ஜான்ஸ்கி என்றால் 10,000 வரும். ஜான்ஸ்கிக்கு மாற்ற ஆயிரத்தால் வகுத்தால் மேட்டின் பரப்பு 10.

கேலக்ஸி எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகமாக விலகுவதால், தொலைவுக்கு அந்த வேகத்தை 70-ஆல் வகுக்கலாம். 3,500 என்றால் 50 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). பக்கத்துக் கேலக்ஸிகளுக்கு இந்தக் குறுக்குவழி ஒத்துவராது, அவற்றின் சொந்த வேகமே நொடிக்குச் சில நூறு கி.மீ. இருக்கும்.

சரி, சூத்திரம்:

நிறை = 2,35,600 × தொலைவு × தொலைவு × பரப்பு

நம் எடுத்துக்காட்டில் 589 கோடி சூரியன்களின் நிறை. ஹீலியத்தையும் சேர்க்க 1.36-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 800 கோடி. தொலைவு இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள்: 50-க்குப் பதில் 60 என்று போட்டால் விடை 44 சதவீதம் ஏறிவிடும். பட்டியலிலுள்ள நிறையோடு ஒப்பிடும்போது ஹீலியம் சேர்க்காத எண்ணையே எடுங்கள், அதிகம் விலகினால் முதலில் தொலைவைச் சந்தேகப்படுங்கள்.

இன்னும் தொலைவில் இருப்பவை? பிரபஞ்சம் விரிவதால் அலைவெண் இறங்கிவிடும். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை வானியலுக்கென்று ஒதுக்கிய பட்டை, ஆனால் செம்பெயர்ச்சி (அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு) 0.5 உள்ள கேலக்ஸியின் ஹைட்ரஜன் 947-இல் வந்து நிற்கும், அது செல்போன் டவர்கள் இரைகிற இடம். சிக்னலும் தனியாகத் தெரியாத அளவுக்கு மெலிந்திருக்கும். புனே அருகே கோடாட்டில் உள்ள 30 ஆன்டெனா ரேடியோ தொலைநோக்கியான ஜிஎம்ஆர்டியில் 2020-இல் வெளிவந்த ஆய்வில், 7,653 கேலக்ஸிகளின் சிக்னலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்து, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வாயுவை அளந்தார்கள். அவ்வளவு தொலைவுக்கு 70-ஆல் வகுப்பது செல்லாது, சூத்திரத்திலும் செம்பெயர்ச்சித் திருத்தம் வேண்டும்.

அடுக்குவதை நீங்களும் செய்து பார்க்கலாம். மங்கலான 100 அலைமாலைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மைய வேகத்தையும் சுழிக்கு நகர்த்தி, புள்ளிக்குப் புள்ளி சராசரி எடுங்கள். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.