இரண்டு லப்டொப்புக்கு ஒரு மணிக்கூடு: டிஜிட்டல் ஒலி இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் கோவலன் கூத்தை விடிய விடியப் பதிந்தோம். மைக்குகள் எல்லாம் ஒரு லப்டொப்புக்கு வந்தன. அதன் சவுண்ட் கார்டிலிருந்து ஒப்டிக்கல் வயர் ஒன்று மற்ற லப்டொப்புக்குப் போனது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனத்துக்கு அது நேரலை அனுப்பியது, கூடவே ஒரு பிரதியும் பதிந்தது. "அண்ணை, சத்தம் வருகுது" என்றான் தம்பி. நானும் ஹெட்போனை வைத்துக் கேட்டுவிட்டுச் சரி என்றேன். நடுச்சாமத்தில் முதல் லப்டொப்பின் டிஸ்க் நிரம்பிவிட்டது. மிச்சக் கூத்துக்கு அந்தப் பிரதிதான் கதி. மறுநாள் போட்டுக் கேட்டால், மத்தளம் ஓய்ந்து அண்ணாவியார் விருத்தத்தை இழுத்துப் பாடும் இடத்தில் டிக்... டிக்... என்று ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம், விருத்தம் முடியும்வரை. இடப்பெயர்வுகளில் எத்தனையோ ஒலிநாடாக்களைத் தொலைத்த மண் இது. கையில் கிடைத்ததை நாங்களே கெடுத்துவிட்டோம் என்பது எனக்கு இன்றைக்கும் நோகிறது.

அதனால் முதல் தவறு இதுதான்: சத்தம் வந்தால் இணைப்புச் சரி என்று நம்புவது. மணிக்கூடு பொருந்தாவிட்டாலும் சத்தம் வரும்.

டிஜிட்டல் ஒலி என்பது செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை, எங்கள் பதிவில் 48,000 தடவை, எடுக்கிற அளவுகள். எப்போது எடுப்பது என்று சொல்வது சவுண்ட் கார்டுக்குள் இருக்கும் ஒரு சிறு பளிங்குத் துண்டு. அதன் துடிப்பைத்தான் மணிக்கூடு என்கிறேன். இரண்டு கார்டுகளிலும் உள்ள பளிங்குகள் அச்சொட்டாக ஒரே வேகத்தில் துடிக்கா. பத்து இலட்சத்துக்கு 20 என்ற அளவில் வித்தியாசம் இருந்தாலே செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு அளவு கூடும் அல்லது குறையும். வாங்குகிற கார்டு தன்பாட்டில் ஓடினால் அந்த ஒன்றைத் தவறவிடும், இல்லாவிட்டால் இரண்டு தடவை போடும். அதுதான் அந்த டிக்.

வயரே போடாமல் இரண்டு லப்டொப்பிலும் தனித்தனியே பதிந்து பிறகு சேர்ப்போம் என்றாலும் இதே கணக்குத்தான். மணித்தியாலத்துக்கு 72 மில்லிசெக்கன் விலகும். எட்டு மணித்தியாலக் கூத்தென்றால் அரைச் செக்கனுக்கு மேல். விடியப்புறம் மத்தளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

ஒருவர் தாளம் போட மற்றவர் பின்பற்றுவதுதான் வழி. எஸ்பிடிஃப் (டிஜிட்டல் ஒலியை ஒப்டிக்கலிலோ கோஆக்சியல் என்ற செப்பு வயரிலோ அனுப்பும் முறை) வயரில் ஒலியோடு சேர்ந்தே மணிக்கூட்டுத் துடிப்பும் போகிறது, அதற்கென்று தனி வயர் தேவையில்லை. ஒரே வயர்தான் என்றால் கார்டின் அமைப்பில் அனுப்புகிறது 'இன்டெர்னல்' (தன் துடிப்பில் ஓடுவது), வாங்குகிறது 'எக்ஸ்டெர்னல்' அல்லது 'எஸ்பிடிஃப்' (வயரில் வரும் துடிப்பைப் பின்பற்றுவது). நாங்கள் இரண்டையும் இன்டெர்னலில் விட்டிருந்தோம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வயர் போடுபவர்கள் இதற்கு நேர்மாறான பிழையை விடுவார்கள்: இரண்டையும் எக்ஸ்டெர்னலில் வைப்பது. அப்போது அது இதைப் பார்த்து ஓடும், இது அதைப் பார்த்து ஓடும், வேகம் நிலைக்காது. எத்தனை வயர் போட்டாலும் இன்டெர்னலில் இருப்பது ஒன்றுதான். துடிப்புப் பொருந்தியதைக் காட்டும் 'லொக்' விளக்கு இருந்தால் அது மினுங்காமல் நின்று எரிகிறதா என்று பாருங்கள்.

எதைத் தலைவனாக வைப்பது? எங்கள் பக்கத்தில் கரண்டை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். திருவிழா நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது, சுவரிலிருந்து மின்னெடுக்கும் கார்டு ஒரு கணம் அணைந்து எழும்பும். அது தலைவனாக இருந்தால் மற்றதும் தடுமாறும். ஆகவே லப்டொப் பற்றரியில் ஓடும் யூஎஸ்பி கார்டே தலைவனாக இருக்கட்டும், வயரையும் அந்தப் பக்கமிருந்தே இழுங்கள். ஒவ்வொரு கரண்ட் மாற்றத்துக்குப் பிறகும் அமைப்பைத் திரும்பப் பாருங்கள். சில கார்டுகள் துடிப்பை இழந்தவுடன் சொல்லாமல் கொள்ளாமல் இன்டெர்னலுக்குத் தாவிவிடும்.

அளவு வீதத்தையும் (செக்கனுக்கு எத்தனை அளவு என்பதை) இரண்டு பக்கமும் ஒன்றாக வையுங்கள். 48,000இல் வந்த ஒலியை 44,100 என்று பெயரிட்டுப் பதிந்தால் ஒரு மணித்தியாலம் 65 நிமிடத்துக்கு மேல் ஓடும், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கும். வீடியோவும் எடுப்பதென்றால் 48,000தான்.

லப்டொப்பின் மூலையில் காட்டும் நேரத்தை இன்டர்நெட்டோடு பொருத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த நேரத்துக்கும் கார்டின் துடிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. துடிப்புப் பொருந்தினாலும் இரண்டு பதிவும் ஒரே இடத்தில் தொடங்காது, துடிப்புச் சொல்வது வேகத்தை மட்டுமே. தொடக்கத்தில் பலமாக ஒரு கைதட்டலைப் பதிந்து வைத்தால் பிறகு அதை வைத்து ஒட்டலாம்.

வயரிலும் பிழை வரும். கோஆக்சியல் இணைப்புக்கு 75 ஓம் வயர் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள் வீடியோ வயரைப் போடுங்கள், அது 75 ஓமுக்கென்றே செய்தது. சிவப்பு, வெள்ளை ஒலி வயரை நம்ப முடியாது. ஒரு லப்டொப் ஜெனரேட்டரிலும் மற்றது கோயில் கரண்டிலும் இருந்தால் கோஆக்சியல் வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மைக் பக்கத்துக்கு ஏறலாம். ஒப்டிக்கலில் மின் தொடர்பே இல்லாதபடியால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் கிரவல் ஒழுங்கைப் புழுதி அதற்கு எதிரி. முனையிலுள்ள சின்ன மூடியைக் கழற்றியவுடன் சட்டைப் பையில் போடுங்கள், வேலை முடிந்ததும் திரும்ப மாட்டுங்கள். மூடியோடேயே செருகிவிட்டு அரை மணித்தியாலம் மண்டையைப் போட்டு உடைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வயரை மடித்துக் கட்டவும் வேண்டாம்.

அடாட்டும் (பல தடங்களை ஒரே வயரில் அனுப்பும் இன்னொரு முறை) எஸ்பிடிஃபும் ஒரே ஒப்டிக்கல் துளையில்தான் செருகும், ஆனால் பாஷை வேறு. இரண்டு பக்கமும் ஒன்றையே தெரிவுசெய்யுங்கள். அனுப்பும் பக்கம் டொல்பியில் (சுருக்கிய ஒலி) இருந்தால் பதிவில் வெறும் இரைச்சல்தான் விழும், பிசிஎம்முக்கு (சுருக்காத ஒலி) மாற்றுங்கள். இரண்டு வயர் போட்ட இடத்தில் வந்த ஒலியை அப்படியே திருப்பி அனுப்பினால் ஊளையிடும். விண்டோஸின் டிங் டிங் சத்தங்களையும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது வற்றாப்பளைப் பொங்கலென்றாலும் கலியாண வீடென்றாலும் முதல்நாளே போய், அனுப்பும் லப்டொப்பிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் சீரான ஒலியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மற்றதில் பதிகிறோம். பாட்டில் ஒளிந்துகொள்ளும் டிக் அந்த ஒற்றைச் சுரத்தில் ஒளியாது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடமும் ஹெட்போனில் கேட்பான். ஒரு டிக் வந்தாலும் திரும்ப முதலிலிருந்து.